ஆறு எண்கள்

மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பக்கத்தில்
எனக்கொரு முக்காலி.
'ஒருங்கிணைப்பாளர்' என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.
பள்ளிப்பட்டில் அதை முழுதாகச் சொல்பவர் யாருமில்லை.
போன் பண்ற அம்மா என்பார்கள்.
அது சரிதான்.

செங்கல்ராயன், ஐம்பத்து மூன்று.
நகரியில் விசைத்தறி. நூல் தின்ற விரல்கள்.
கட்டைவிரலை வைத்தால்
இப்படி ஒருவர் இல்லை என்கிறது கருவி.
ரேஷன் அட்டை அந்தப் பக்கம்,
சிறுநீரகம் இந்தப் பக்கம்.
அங்கே கேட்டால் இங்கே போ,
இங்கே கேட்டால் முகவரி மாற்று.
மாற்ற எட்டு மாதம் ஆனது.
அதற்குள் குதிகாலில் ஒரு புண்
ஐந்து ரூபாய் அகலத்துக்கு வந்துவிட்டது,
எந்த மனுவும் கொடுக்காமல்.

செவ்வாய், திருத்தணியில் ரத்தச் சுத்திகரிப்பு.
புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் செவ்வாய்.
மாத முதல் செவ்வாய் திருவள்ளூரில் மனநல மாத்திரை.
கண்ணுக்கு வேலூரில் கொடுத்த தேதியை
காலண்டரில் தேடினால்
அதுவும்.
'செவ்வாய் தோஷம்' என்றாள் முனிலட்சுமி.
சிரிக்கவில்லை.

கல்லுக்குப் பார்த்தவர் எழுதியது: தண்ணீர் நிறைய.
சிறுநீரகத்துக்குப் பார்த்தவர் எழுதியது: நாளுக்கு அரை லிட்டர்.
மூன்று வருட இடைவெளியில் இரண்டு சீட்டுகள்
ஒரே பிளாஸ்டிக் உறைக்குள்
முதுகு காட்டிப் படுத்திருந்தன
நான் உருவிப் படிக்கும்வரை.

அன்றிலிருந்து அவள்
இருமல் மருந்து மூடியால் அளக்கிறாள்.
மூடிக்குப் பத்து மில்லி, நாளுக்கு ஐம்பது மூடி,
சோற்றில் இருப்பதைக் கழிக்க வேண்டும்.
வீட்டில் தமிழ் பேசுகிற மனிதர்
தறிக்கும் தாகத்துக்கும் மட்டும் தெலுங்கு.
கொஞ்சம் நீள்ளு, என்பார்.
அவள் விரல் மடக்கி எண்ணிப் பார்ப்பாள்.

மூன்று வாரம் போன் செய்தேன்.
ஓர் இடத்தில் பாட்டு. ஓர் இடத்தில் சாப்பாட்டு நேரம்.
வேலூரில் ஒரு பெண் கேட்டாள்:
நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?
யோசித்தேன்.
'போன்' என்றேன்.
என்ன நினைத்தாளோ, கண்ணை வியாழனுக்கு மாற்றினாள்.
கட்டு திங்களுக்குப் போனது. மாத்திரை புதனுக்கு.
செவ்வாயில் ஒரே ஒரு வேலை மிஞ்சியது.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின இரவு
மேலே அணையைத் திறந்துவிட்டார்கள்.
விடிந்தால் தரைப்பாலத்தின் மேல் கொசஸ்தலை.
ஆறு பத்து பேருந்து வரவில்லை.
என் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

ஈஸ்வர நாயுடுவின் டிராக்டர்.
தொட்டியில் உரமூட்டைகள், அவற்றின் மேல் இருவர்,
கட்டுக் காலுக்கு ஒரு பாலித்தீன் பை.
வழியனுப்ப வந்த எனக்கு இடமில்லை.
சக்கரம் பாதி முங்கிப் போனது.
இருபுறமும் அத்தனை தண்ணீரைப் பார்த்தபடி
அவர் ஒன்றும் கேட்கவில்லை, கரையிலிருந்து தெரிந்தவரை.
நடு ஆற்றில் மூடி ஒருமுறை மின்னியது.
கேட்காமலே கொடுத்தாள் போல.

பத்தரைக்கு அழைப்பு.
'ஓடிபி வந்துதா? மெஷின் காத்துனு கீது.'
பதினொரு பேருக்கு என் எண்தான் எண்.
ஆந்திர டவர் வரவேற்பு சொல்லி முடித்து
இறங்கியது குறுஞ்செய்தி.
கல்வெர்ட்டு மேல் ஏறி நின்று கத்தினேன்,
நாலு. ஒன்பது. ஒன்பது.
'இன்னா? தண்ணி சத்தம்தான் கேக்குது.'
நாலு, என்றேன்.
முதலிலிருந்து.