எட்டு முதல் பன்னிரண்டுக்குள்

எட்டு முதல் பன்னிரண்டுக்குள் ஆள் வருவார் என்றது குறுஞ்செய்தி.
பன்னிரண்டே காலுக்கு
கூடத்து விளக்கு மூன்று முறை மின்னியது.
எங்கள் வீட்டு அழைப்புமணி அப்படித்தான்.

வூன்சாக்கெட்டில் ஜனவரி. அவர் காலணியெல்லாம் பனிச்சேறு.
சட்டைப்பையின் மேல் டெவன் என்று தைத்திருந்தது.
காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன்.
வாயை அகலத் திறந்து பேச ஆரம்பித்தவர்
பாதியில் வெட்கப்பட்டு
ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார்:
"எந்தச் சுவரில் துளை போடட்டும்?"

துளைக்கும் கருவி என் பாதம் வழியாக வந்தது,
முழங்கால்வரை ஏறி நின்றது.
பழைய கேபிளை உருவிச் சுருட்டித் தரையில் போட்டார்.
கறுப்பு. என் சுண்டுவிரல் பருமன்.
இருபத்திரண்டு வருடம் மாதம் தவறாமல் பணம் தின்றது,
மழை வந்தால் முதலில் அதுதான் படுக்கும்.
புதியது, பல் இடுக்கில் ஓட்டும் நூலைவிட மெலிசு.
கண்ணாடியாம்.
குனிந்து நுனியைப் பார்க்கப் போனேன்,
சட்டென்று உள்ளங்கையால் மறைத்தார்.
"பார்க்காதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.
ஆனால் கண்ணைச் சுட்டுவிடும்."
அந்தத் தாளை நான் எறியவில்லை,
குளிர்பெட்டிக் கதவில், மீன் வடிவக் காந்தத்துக்கடியில் இருக்கிறது.

என் கணவர் ரோசேருக்கு வேண்டியது ஐஸ் ஹாக்கி.
அதற்காகத்தான் மாறச் சம்மதித்தார்.
சேனல் எண்களெல்லாம் மாறிவிட்டன,
அவர் கட்டைவிரலுக்கு அது இன்னும் தெரியாது.
பழைய எண்ணை அழுத்துகிறார்,
ஹாக்கிக்குப் பதில் யாரோ ஒரு பெண்
மூன்றடுக்குக் கேக்குக்கு வெண்ணெய் பூசுகிறாள்.
திட்டிக்கொண்டே
முழு நிகழ்ச்சியும் பார்த்துவிடுகிறார்.

எனக்கு வேண்டியது ஆர்மாண்ட்.
தம்பி. சஸ்கடூனில் தானியக் கிடங்கில் வேலை.
அவனுக்கும் கேட்காது,
எங்கள் இருவருக்கும் கைதான் வாய்.
பழைய இணைப்பில் அந்த வாய் கட்டம் கட்டமாக உடையும்.
"போன வாரம்" என்று தொடங்கும் விரல்கள்
நடுவழியில் சதுரங்களாகி
"அதனால்தான்" என்று வந்து சேரும்.
இடையில் விழுந்ததை நானே இட்டு நிரப்புவேன்,
பெரும்பாலும் அவனுக்குச் சாதகமாக.
அம்மாவின் வீட்டை விற்ற பணத்தில்
என் பங்கு என்னாயிற்று?
இதை எப்போது கேட்டாலும்
படம் சரியாக அங்கேதான் உறையும்.
ஏழு வருடம்
கேபிள் கம்பெனியைத்தான் சபித்தேன்.

அன்றிரவு கூப்பிட்டான்.
கடவுளே, எவ்வளவு தெளிவு!
தாடியில் நரை. வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.
நகக்கண்ணில் கோதுமைத் தூசிகூடத் தெரிந்தது.
ஒரு சொல் உடையவில்லை.
கிடங்கு மேலாளரை அவன் நடித்துக் காட்ட
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.
டெவன் வாய் பிளந்ததை நான் காட்ட
அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

அந்தச் சிரிப்பிலேயே கேட்டுவிட்டேன்.

அவன் கைகள் மேலே எழுந்தன.
நெஞ்சுக்கு நேரே நின்றன.
பழக்கதோஷம்:
என் விரல் மோடத்தை அணைத்துப் போடக் கிளம்பிவிட்டது.
அப்போதுதான் பார்த்தேன்,
அவன் தோளுக்குப் பின்னால் ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே, தெருவிளக்கடியில்
பனி விழுந்துகொண்டிருந்தது.
அவசரமில்லாமல்,
ஒவ்வொரு துகளாக,
ஒன்றுகூட நடுவில் நிற்காமல்.

அவன் கைகள் மட்டும் அங்கேயே.

கண் எரிந்தது.
குளிர்பெட்டிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்,
பிறகு என் கைகளை உயர்த்தினேன்:
"உன் பக்கம் இணைப்பு சரியில்லை போலிருக்கிறது,
உறைந்துபோய்த் தெரிகிறாய்."

உடனே
தலையாட்டினான்.