விகுதி

ரோடோப் மலையில் செவ்வாய் மாலை வகுப்பு.
வளர்ந்தவர்கள் குட்டிப் பெஞ்சில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.
ராடோஸ்தினா பலகையில் ஒரே வினையை
இரண்டு தரம் எழுதுகிறாள்.
நம்மைப் போல அவர்களுக்கும் உண்டு
கண்டதற்கு ஒரு வால், கேட்டதற்கு ஒரு வால்:
விற்றார்.
விற்றாராம்.

சனிக்கிழமை ஊர்க்கூட்டத்தில்
கசாப்புக்கடை ஷிவ்கோ மேசையைக் குத்தினான்.
"ஊற்றை மேயர் விற்றுவிட்டார்!"

பின்வரிசையிலிருந்து தபால்காரி ஸ்தனிமிரா:
"விற்றாரா, விற்றாராமா?"

அவன் கை அங்கேயே கிடந்தது,
தராசில் வைத்த கறிபோல.
"...ராம்" என்றான் கடைசியில்.
"யார் சொன்னது?"
"மச்சான்."
"மச்சான் பார்த்தாரா?"
யாரோ சிரித்தார்கள். யாரோ நாற்காலியை உதைத்தார்கள்.
பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள்.
மேயர் எடுத்துவரப் போனார்.

ஒன்பது மணி. பத்து மணி.
கணப்பில் விறகு தீர்ந்தது.

வாசலில் பனியைப் பார்த்தபடி
ராடோஸ்தினா சொன்னாள்:
"வரமாட்டான். பணத்தைத் தின்றுவிட்டான்."

"தின்றானா?" என்றாள் ஸ்தனிமிரா,
கையுறையை மாட்டிக்கொண்டே.

ராடோஸ்தினா கோட்டுப் பைக்குள்
சுண்ணக்கட்டியைத் தேடினாள்.
தூள்தான் இருந்தது.