கொப்பு

கோட்டையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரம்.
கொப்பு முறிந்து விழுந்தவள் பெயரும் கொப்புடையாள்.
மூன்றாம் வகுப்பே சிரித்திருக்கும்.
நாலு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

மாவுக்கட்டை அறுத்த அன்று
உள்ளே இருந்தது என் மகளின் கை மாதிரி இல்லை.
மெலிந்து, தோல் உரிந்து, புளித்த வாடையோடு
பாதி மடங்கி நின்றுவிட்ட கை.

சோற்றைப் பிசைவாள், அள்ளுவாள்.
கை வாய்வரை வராது.
வாய்தான் குனிந்து கைக்குப் போகும்,
கழனித் தண்ணிக்குக் கன்று குனிவது போல.
அவள் அம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில்
எழுந்து போய்விடுவாள்.

காரைக்குடி பெரியாஸ்பத்திரி.
எக்ஸ்ரே அறைக்கு எதிரே பச்சைக் கதவு.
ஜெசிந்தா மேடம் இரட்டை அடிக்கோல் மாதிரி ஒன்றை
முழங்கையில் வைத்துப் பார்த்தார்.
"மடக்கம் எண்பத்தைந்து.
நிமிர்த்தினால் முப்பத்தைந்து பாக்கி."
பாக்கி எனக்குத் தெரிந்த சொல்.
வட்டியோடு சேர்த்தே தெரியும்.

எண்ணெய் போட்டு உருவிவிடலாமா மேடம்?
"வேண்டாம்."
லேசாக இழுத்து?
"கூடவே கூடாது.
இழுத்தால் இன்னும் இறுகும்.
அவளா அசைக்கணும். அவளா."
சொல்லிவிட்டு ஒரு சோப்பு நுரைக் குப்பியை
அந்தக் கையில் கொடுத்தார்.
"ஊதும்மா."
நுரை ஊதவா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு
பஸ் ஏறி வந்தேன்?

வெந்நீரில் பஞ்சைப் பிழிய வேண்டும்.
பந்தை உருட்ட வேண்டும்.
இரண்டு விரலை எறும்பாக்கிச் சுவரில் ஏற்ற வேண்டும்.
எறும்பு லைட் சுவிட்சைத் தொட்டால் வெற்றி.
எறும்பு ஒரு சாண் கீழேயே நின்று
"வலிக்குதுப்பா" என்றது.

என் வேலை பரோட்டா.
பழைய பஸ் ஸ்டாண்டுக் கடையில் பதினாறு வருஷம்.
இழுத்து வராத எதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு ராத்திரி அவள் அரைத் தூக்கத்தில் கிடந்தாள்.
கொஞ்சம்தானே என்று மணிக்கட்டைப் பிடித்து
மடக்கினேன்.

அவள் போட்ட சத்தத்தை இங்கே எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை எழுபத்திரண்டு.
ஜெசிந்தா மேடம் அவள் கையை விட்டுவிட்டு
என் கையைப் பார்த்தார். சூட்டுத் தழும்புகளை,
கட்டைவிரலின் தடிப்பை.
"மாவு பிசைஞ்ச உடனே வீசிடுவீங்களா, சேவுகன்?"
இல்லை மேடம். எண்ணெயில் ஊறணும்.
"அவசரப்பட்டா?"
கிழியும்.
நோட்டில் 72 என்று எழுதினார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.

அதன்பிறகு நான் கிட்டே போனால்
முழங்கையை மற்றக் கையால் பொத்திக்கொள்வாள்.
அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில்
அம்மா படுத்தாள், பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள்
சுவரில் இன்னொரு எறும்பு ஏறியது. என்னுடையது.
தடித்த எறும்பு, மூச்சு வாங்கும், பாதியில் வழுக்கும்.
அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.
"அது தோத்துரும்" என்றாள் அம்மாவிடம்.
தோற்றது.
மறுநாளும் தோற்றது.
அதற்கப்புறம் நான் வேண்டுமென்று தோற்கவில்லை.

தொண்ணூறு. தொண்ணூற்றாறு.
ஒரு வாரம் அதே தொண்ணூற்றாறு.
நூற்றுப் பதினெட்டு.

ஆடி மாசம் ஒரு ஞாயிறு,
கடைக்குள் மைதா மூட்டை மேல் உட்கார்ந்து
பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துத் தின்கிறாள்.
தலை குனியவில்லை.
கை போகிறது, வருகிறது.
கண்ணில் விழுந்த முடியைப் புறங்கையால் தள்ளிக்
காதுக்குப் பின்னால் செருகினாள்.
அவளுக்கே தெரியாது.

நான் யாரையும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் அவள் கவனித்துவிடுவாள்,
கவனித்தால் கை பயந்துவிடும்.
கல்லில் ரெண்டு பரோட்டா கருகிப் புகைந்தன.
முதலாளி கத்தினார்.

நிமிர்த்த இன்னும் பதினைந்து பாக்கி.
இருக்கட்டும்.