டொக்

ஃபோஸ்னவோகிலிருந்து விடியுமுன் கிளம்பினோம்.
வானொலி காற்றை ஐந்து என்றது.
ஏழாக இருந்தது,
ஏழும் எதிரே.

ராங்ஃபிரிட் காதுக்கருவிகளைக் கழற்றி
அரிசி போட்ட குப்பிக்குள் வைத்தாள்;
போன கோடையில் ஒரு ஜோடியை
உப்புநீர் தின்றிருந்தது.
இனி ஸ்டாட் முனை தாண்டும்வரை
எங்களுக்குள் கைகள்தான் பேசும்.
முஷ்டி என்றால் பாயைச் சுருக்கு,
விரித்த உள்ளங்கை என்றால் பொறு,
உதட்டைத் தொட்டால் காப்பி.
காப்பிக்கு வழியில்லை. கெட்டில்
அடுப்பிலிருந்து பாய்ந்து
அவள் தலையணையில் படுத்திருந்தது.

மேற்கிலிருந்து வந்த அலை பாறைச் சுவரில் மோதித்
திரும்பி வந்தது,
கடனைக் கேட்கப் போய் வெறுங்கையோடு வருபவன்போல்
போனதைவிடக் கோபமாக.
போவதும் வருவதும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
நாங்கள்.
அணியம் ஏறும், ஏறும்,
வானம் தவிர ஒன்றும் இல்லையென்று ஆகும்,
பிறகு
தண்ணீர் இருந்த இடத்தில் தண்ணீர் இராது.

அப்போதுதான் கேட்டது.
டொக்.
காலுக்கடியில், தளப்பலகைக்கும் கீழே.
இடப்பக்கம் ஒரு டொக்,
கொஞ்சம் மௌனம்,
வலப்பக்கம் இன்னொன்று.
கீலின் போல்ட் என்று நினைத்தேன்.
மூன்று டன் ஈயத்தைப் படகோடு பிடித்துவைக்கும்
நாற்பது வருஷத்து இரும்பு.
பதினொன்று உண்டு. வசந்தத்தில்
ஒன்பதுக்குத்தான் ஸ்பானர் எட்டியது.

அவளிடம் சொல்லவில்லை.
கீல் கழல்கிறது என்பதற்கு
எங்களிடம் சைகை இல்லை.

இறங்கிப் போய் பம்பை அடித்தேன். நூறு, எண்ணி.
கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் டீசல்,
நேற்றைய இரவுச் சாப்பாட்டின் ஒரு பட்டாணி.
மேலே வந்து கட்டைவிரலை உயர்த்தினேன்.
சுக்கானில் நின்றவள் சிரித்தாள்;
உப்புக் காய்ந்த புருவம்
யாரோ கிழவனுடையதுபோல் இருந்தது.
நான் வாந்தியெடுத்தேன்,
காற்று போகும் பக்கம் பார்த்து, ஒழுங்காக.

ஐந்து மணி நேரம்.
ஒரு சாம்பல் பறவை சிறகடிக்காமல் கூடவே வந்தது,
பேருந்தைத் தவறவிட்டவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்தது, போய்விட்டது.
டொக் மட்டும் போகவில்லை.

செல்யேவில் கயிறு கட்டியபோது மாலை ஆறு.
துறைச்சுவர் ஆடியது. இல்லை, நாங்கள்தான்.
அவள் கருவிகளை மாட்டிக்கொண்டாள்,
காதோரம் ஓர் அரிசி ஒட்டியிருந்தது.
கீழே ஏதோ தட்டுகிறது என்றேன்.
தெரியும், என்றாள்.
கலங்கரை விளக்கத்திலிருந்தே
குதிகாலில் வந்துகொண்டிருக்கிறது.
உன்னிடம் எதற்கு என்று...

பலகையைத் தூக்கினோம்.
கறுத்த நீரில் காகிதம் உரிந்த ஒரு டின்.
நாங்கள் வாங்கியதல்ல.
படகை விற்ற மனுஷன்
எந்தக் கோடைக்கென்று வைத்தானோ.
காதருகே பிடித்துக் குலுக்கினாள்.
பேரிக்காய், என்றாள்.
பட்டாணி, என்றேன்.
சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது.

திறந்ததுதான் திறந்தோம் என்று
டார்ச் பிடித்து, கையை நீட்டி,
போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்தோம்.
எட்டு. ஒன்பது.
பத்தாவது
விரலுக்கே சுற்றியது.

டின் மேசைமேல் இருக்கிறது.
இன்னும் யாரும் திறக்கவில்லை.