குறிகட்டுவான் வழி, நாகசாகி

காலை ஆறு ஐம்பதுக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில்
கதவு தானாகத் திறக்கிற ஒரே வான் இதுதான்.
படி தாழ்வு. கைபிடி மஞ்சள்.
பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் இரண்டு வரி.
யப்பானில என்னவோ, என்பார் சிவநேசராசா.
பெயின்ற் அடிக்கக் காசில்லை என்பது அதன் பொருள்.

ஒருநாள் கைபேசியை அதன் முன் பிடித்தேன்:
நாகசாகி கென், ஓமுரா நகரம்,
முதியோர் பகற் பராமரிப்பு இல்லம்.

"குண்டு போட்ட ஊரோ?" என்றான் றெஜினோல்ட்,
ரிக்கற் கிழித்தபடி.
ஓம் என்றேன்.
பிறகு வேலணை மட்டும் வெட்கமாயிருந்தது.
கொழும்பில் நான் ஊர் சொன்னாலும்
அடுத்த வாக்கியம் அவர்களிடம் தயாராய் இருக்கும்:
யாழ்ப்பாணமா, அந்தச் சண்டை நடந்த

அதனால் படித்தேன்.
நான் படவரைஞர்.
கரையோரம் கீறிச் சம்பளம் வாங்குகிறவள்.
அந்தக் கென்னின் கரையைக் கீறப்போனால்
பென்சில் தேயும், கை உளையும்.
குடா, குடாவுக்குள் குடா,
ஐந்து விரலும் ஐந்து திசைக்குக் கோபித்துக்கொண்டு போன நிலம்.
மேற்கே, ஐந்து தீவு என்று பேர் வைத்துவிட்டு
நூறுக்கு மேல் சிதறிக் கிடக்கிறது.
ரயில் ஓமுராக் குடாவை உரசி உரசிப் போகிறதாம்.
தண்டவாளம் முடிந்தால் கப்பல்.
இங்கே பஸ் முடிந்தால் வள்ளம்.

பண்ணைப் பாலம் ஏறுகையில்
பின்னால் ஒல்லாந்தர் கோட்டை, ஐந்து மூலை.
உள்ளே இருந்துகொண்டு பனையை எண்ணினார்கள்,
கிணற்றை எண்ணினார்கள்,
ஞானஸ்நானப் பெயரோடு எங்களையும் எண்ணித்
தோம்பில் இறக்கினார்கள்.
அதே கொம்பனி, அதே நூற்றாண்டு,
நாகசாகித் துறையில்
விசிறி வடிவில் கட்டிய ஒரு மண்திட்டில் குடியிருந்தது.
ஒரே பாலம். வாசலில் காவல்.
கேட்காமல் அக்கரையில் கால் வைக்க ஏலாது.
அங்கே அவர்களை எண்ணினார்கள்.

இதை வாசித்த இரவு தனியே சிரித்தேன்.
கந்தோரில் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.
"அந்தக் காணிக்குத் தோம்பு நம்பர் சரியோ, பாருங்கோ" என்றார்கள்.

சாரதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை.
கழற்றினால் ஏசி நின்றுவிடுமாம்.
அதற்குள் ஒரு பெண் இன்னும் வழி சொல்கிறாள்,
மரியாதையாக, அவசரமில்லாமல்.
வாணர் பாலத்தில் இருபுறமும் கடல் வந்ததும்
திரை முழுக்க நீலம், நடுவில் சிவப்பு அம்புக்குறி.
அவளுக்கு நாங்கள் ஓமுராக் குடாவில் மூழ்கிவிட்டோம்.
"பாவம், சரியாத்தானே சொல்லுறா," என்றார் சிவநேசராசா,
"தண்ணிக்கு மேலதான் போறம்."

பதின்மூன்று வயதில் புவியியல் பாடத்துக்கு
எண்ணெய்த்தாளில் குடாநாட்டைப் பிரதி எடுத்தேன்.
தட்டாதெருச் சந்தியில்
பைகளைக் கொட்டிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு
சாப்பாட்டுப் பெட்டிக்குள், புட்டுக்கு அடியில் ஒளித்தேன்.
வரைபடம் பிடிபட்டால்
யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்பார்களாம்.
அன்று பெட்டியைத் திறக்கவில்லை.
வகுப்பில் விரித்தபோது
ஆனையிறவில் சம்பல் ஊறியிருந்தது.
பத்துக்கு ஆறு போட்டா மிஸ்.
இரண்டு தீவு குறைவு.

இப்போது யாருடையதோ கரையோரம் முழுவதையும்
வெளிச்சமாய் ஏந்திக்கொண்டு
இந்த வான் எல்லாச் சந்தியையும் கடக்கிறது.
ஒருவரும் மறிக்கவில்லை.
மறித்தால் அவளே பதில் சொல்லட்டும்.

அவளின் ஒரு வாக்கியம் றெஜினோல்ட்டுக்குப் பாடம்.
மிச்சக் காசு கேட்கிறவர்களுக்கு
அதே குரலில், தலை தாழ்த்திச் சொல்கிறான்.
என்ன பொருள் என்று நானும் பார்க்கவில்லை.

ஊன்றுகோல் மாட்ட சீற்றுகளுக்குப் பின்னால் எட்டுக் கொக்கி.
இன்று ஏழில் மீன்பை.
ஒன்றில் என் அளவுநாடா,
புங்குடுதீவு வரை ஆடிக்கொண்டு வருகிறது.