அளவுப் புத்தகம்

குடியாத்தம் நகராட்சி கலையரங்கம்.
நிற்குமா, இடிக்கலாமா,
வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும்.
டேப்பின் ஒரு முனையைத் தணிகாசலம் பிடித்தார்,
மறுமுனை என்னிடம்.
நடுவில் அறுபத்து நாலு வருஷத் தூசு.

நீளம் நூற்றுப் பன்னிரண்டு அடி, அகலம் ஐம்பத்தெட்டு.
அடிமானம் கருங்கல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
மேலே செங்கல், சுண்ணாம்பு.
மணலை எவ்வளவு கூட்டினார்கள் என்பதை
விரல் நகத்தால் கீறினாலே தெரிந்துகொள்ளலாம்.
கூரைக்கு இரும்புச் சட்டகம் ஏழு.
ஏழாவதில் துரு, துருவின்மேல் புறா,
புறாவுக்கு மேலே நேராக வானம்.

முகப்பில் பாதிச் சூரியன்,
சிமெண்டுக் கதிர்கள் பதினொன்று.
மேஸ்திரி அழகுக்குத்தான் வைத்தார்.
தேர்தல் வந்தால் சாக்கு போட்டு மூடுவார்கள்,
ஆணி அடித்த தடம் கதிருக்குக் கதிர் இருக்கிறது.

பதிவறையில் தீர்மானப் புத்தகம், கரையான் தின்றது போக மீதி.
சந்தைக்கு வரும் வண்டிக்கு இரண்டு நயா பைசா,
தறி ஒன்றுக்கு மாதம் ஐந்து.
இப்படிச் சேர்த்த காசில் எழும்பியது இது.
எதிர்த்துக் கை தூக்கியவர் நாலு பேர்.
அதில் பீடி இலை மண்டி அப்துல் கஃபூர்
"கக்கூஸ் இல்லாத ஊருக்கு நாடகக் கொட்டகையா?"
என்று கேட்டது பதிவாகியிருக்கிறது.
அடுத்த பக்கத்தில், திருத்திய மதிப்பீட்டில்
கக்கூஸ் ஆறு.

கணக்கில் இடித்தது ஒன்றுதான்.
மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே
இருபத்து மூன்று அடி வெறும் தரை.
வரைபடத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது.
குனிந்து பார்த்தேன்.
காசு அகலத்துக்குச் சிமெண்டு அடைத்த ஓட்டைகள்,
நாலு நாலாக, நூற்று அறுபது.
நாற்பது நாற்காலியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஏன் என்பது அரங்கக் காப்பாளர் ரங்கநாயகலு
மூன்று பக்கம் எழுதிய புகாரில் இருந்தது.
அறுபத்திரண்டு, பங்குனி. முதல் கூத்து.
ராஜா வேஷம் சம்மந்தம்.
மேடை ஆழம் பதினாலு அடி, திரைக்குப் போகப் பதினொன்று.
புஜக்கட்டையோடு கிர்க்கி சுற்றிய ராஜாவின் தோளை
இடப்பக்கச் சுவர் சீவிவிட்டது.
கண்ணாடிச் சில்லு மத்தளக்காரர் மடியில்.
கட்டியங்காரன் கழுத்தை நீட்டி
"இன்னா ராஜா, மூணு பக்கம் செவுரு வெச்சி
ஒரு பக்கந்தான் ஜனத்த வெச்சிக்கிறானுங்க,
இது கொலுமண்டபமா ஜெயிலா?" என்றிருக்கிறான்.
சபை சிரித்தது.
ராஜா சிரிக்கவில்லை. ஏழு படி இறங்கினார்.
தாசில்தாரும் டாக்டரும் கவுன்சிலர்களும்
எழுந்து ஓரம் போக,
பின்னால் இருந்த தறிக்காரர்கள் மூன்று பக்கமும் சூழ,
விடிய விடியத் தரையில் நடந்தது.
"நாற்காலி இரண்டு சேதம், அபராதம் விதிக்க வேண்டும்"
என்று முடிக்கிறார் ரங்கநாயகலு.

அபராதம் விதிக்கவில்லை.
தீர்மானம் நாற்பத்தேழு:
முன் நாற்பது இருக்கைகளை நிரந்தரமாக அகற்றுவது.
முன்மொழிந்தவர் அப்துல் கஃபூர்.
அந்த நாற்பதில் ஒன்று அவருடையது.

படிவத்தில் ஒரு கட்டம்:
அங்கீகரித்த வரைபடத்திலிருந்து விலகல் உண்டா?
உண்டு என்று எழுதினேன்.
விலகலைச் சரிசெய்யப் பரிந்துரை என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டேன்.
ஏழாவது சட்டகத்தை மாற்றியே ஆக வேண்டும்,
நாலு லட்சத்து எண்பதாயிரம்,
அதைத் தருவார்களா என்பது எனக்குத் தெரியாது.

தணிகாசலம் சொல்லாமல் முனையை விட்டுவிட்டார்.
டேப் அந்த வெற்றுத் தரைமேல் உதறிக்கொண்டு ஓடிவந்தது.
பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.
"சார், எதாவது சொன்னீங்களா?" என்றார்.
இல்லை என்றேன்.
இன்னொரு தடவை அளக்கலாம், பிடியுங்கள்.