கோல் கம்பத்தில் மீன்கொத்தி

முப்பத்தொரு வருஷம் ஹார்பர் கிரேனில் உட்கார்ந்து
கீழேயே பார்த்தவன்.
இப்போதுதான் அண்ணாந்து பார்க்கிறேன்.

பர்மா பஜாரில் பேரம் பேசிய பைனாகுலர்.
ஒரு கண்ணில் பூசணம்.
எண்ணூர்க் கழிமுகத்துப் பூநாரைகளில்
பாதி எப்போதும் பனிக்குள் நிற்கும்.
நோட்டில் எழுதினேன்: நாற்பத்திரண்டு.
சாம்பல் குழாய்க்கு அந்தப் பக்கம் எண்ணவில்லை.

நாலு மணிக்கு வியாசர்பாடி கிரவுண்டு.
பெனிட்டா கோல்கீப்பர்.
மூணு விட்டாள்.
நாலாவதை முகத்தால் தடுத்தாள்.
என் விசிலில் நாய் ஒன்று எழுந்து ஓடியது.

"வராதன்னு சொன்னேன்ல?"

கம்பத்து மேல மீன்கொத்தி,
அதைத்தான் பார்க்க வந்தேன் என்றேன்.

வீங்கிய உதட்டோடு
பைனாகுலரைப் பிடுங்கித்
திருப்பிப் பிடித்து என்னைப் பார்த்தாள்.

"எங்கியோ கீற, தாத்தா."

அடுத்த மேட்ச் ஞாயிறாம்.
எண்ணூர் பஸ்ஸை
சீக்கிரம் பிடிக்கணும்.